முடிக்கயிறு போன தூரம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், ஊத்தங்கரை ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள் வீட்டுப் பெரியவள் ஒருத்தி மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள். பிள்ளை எழுந்து நடமாடினால் திருப்பதிக்கு வந்து முடி இறக்குகிறோம் என்பது வேண்டுதல். மருந்தும் வேலை செய்யும், வேண்டுதலும் நிற்கும். அந்த நிமிடம் முதல் அந்தத் தலையில் கத்தரி படக்கூடாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிற அந்த முடி இனிமேல் பிள்ளையுடையதும் இல்லை, பெற்றவர்களுடையதும் இல்லை. அது பெருமாளுடையது. எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னிப் பூ வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும்தான் அம்மாவுக்கு.

மலையில் இறக்கிய பிறகு அந்த முடி எங்கே போகிறது என்று நேர்ந்துகொண்டவர்கள் கேட்பதில்லை. சாமிக்குக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது நம் வழக்கமில்லை. ஆனால் அது போகிற தூரம் பெரிது. கோயில்களில் இறங்கும் முடியில் ஒரு பங்கு கயிறாகி, ஓசூர், பெங்களூர் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பம்பரில் ஏறி, அங்கிருந்து வெனிஸ் நகரத்துக்கும் லண்டனின் டேட் அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் பெங்களூரில் வாழும் சிற்பி ஷீலா கௌடா. அந்தக் கயிறு போன வழியை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

திருமலையில் முடி இறக்கும் இடத்துக்குப் பெயர் கல்யாணகட்டா. இரவு பகல் ஓயாத இடம். கையில் டோக்கனும் பாதி பிளேடும் கொடுப்பார்கள். தண்ணீர் தெளித்துத் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். நீளக் கூந்தல் உள்ள பெண்களுக்கு மட்டும் மழிக்கும் முன்பே கூந்தலை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போதுதான் அது சிதறாமல் ஒரே கற்றையாகக் கையில் வரும். கீழே விழுந்த முடி எஃகுப் பெட்டிக்குள் போகும். மேலே சந்தனம் பூசிய தலை தரிசன வரிசைக்குப் போகும். இந்தக் காணிக்கைக்கு ஒரு கதை உண்டு. ஆயன் ஒருவன் கோடரியால் அடித்ததில் பெருமாளின் தலையில் ஓர் இடத்தில் முடி போய்விட்டதாம். அதைப் பார்த்துப் பொறுக்காத கந்தர்வப் பெண் நீலாதேவி தன் கூந்தலில் ஒரு கற்றையை அறுத்து அந்த இடத்தில் வைத்தாளாம். அடியார் கொடுக்கும் முடியெல்லாம் உன்னையே சேரும் என்று பெருமாள் அவளுக்கு வாக்குக் கொடுத்தாராம். ஏழு மலைகளில் ஒன்றான நீலாத்ரி அவள் பெயரில் இருக்கிறது.

கதை எதுவானாலும், கொடுக்கிறவர் மனதில் இருப்பது வேறு கணக்கு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும் என்பதுதான் அது. உயிருக்குப் பதில் முடி. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அந்தக் கணக்கு புதிதில்லை. செங்கம், ஊத்தங்கரைப் பகுதி நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்தில் தொறு எனும் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் இங்கே வயலோரங்களில் நின்றன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1972-ல் அவற்றைத் தொகுத்துச் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக்கினார். தமிழ்நாட்டின் வேறு இடங்களில் தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குக் கொடுக்கும் வீரனின் சிற்பங்களும் உண்டு. சிலவற்றில் அவன் முடியை வளைத்த மூங்கிலில் கட்டியிருப்பார்கள், வெட்டுப்பட்டதும் தலை மேலே எழும்பட்டும் என்று. தலை கொடுத்த காலத்திலும் முடி ஒரு கயிறாக நின்றிருக்கிறது. இன்றைக்குத் தலை தப்பிவிட்டது, முடி மட்டும் போகிறது. அதை நல்ல முன்னேற்றம் என்றே நினைக்கிறேன்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் முடி சரக்காகிறது. நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். திருமலை மட்டுமல்ல, பழனி, திருத்தணி, சமயபுரம் என்று முடி இறங்கும் கோயில்கள் எல்லாவற்றிலும் ஏலம் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டைக்கு வாங்கிய கட்டணத்தை அரசு 2021-ல் எடுத்துவிட்டது. முடியை விற்று வரும் வருமானம் தொடர்கிறது. கர்நாடகத்தின் கொப்பள் அருகில் பாக்யநகர் என்ற ஊரில் முடியைப் பிரித்துச் சீவிக் கட்டுவதே பெரிய தொழில். நம் தெருக்களில் சீப்பில் வந்த சிக்குமுடியைப் பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு போகும் வியாபாரியின் மூட்டையும் கடைசியில் இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கோயில் முடிக்கும் சிக்குமுடிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் முடியின் தோலில் இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கி ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். எல்லா முடியும் ஒரே திசையில் படுத்திருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், சிக்கு விழாது. வேரும் நுனியும் மாறிக் கலந்துவிட்டால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். சீப்பில் வந்த முடி அப்படிக் கலந்தது. அதைச் சரியாக்க அமிலத்தில் போட்டுச் செதிலையே கரைத்து எடுக்க வேண்டும். கட்டி மழித்த கோயில் கூந்தலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால் நீளமானது விக் ஆகவும் சவுரி ஆகவும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று கப்பல் ஏறுகிறது.

2004 மே மாதம் இந்த வியாபாரம் ஒரு பெரிய அதிர்ச்சியைக் கண்டது. ஆசாரமான யூதக் குடும்பங்களில் மணமான பெண்கள் தம் முடியை மறைக்க விக் அணிவார்கள். அந்த விக்குகள் பலவற்றில் அப்போது இந்திய முடி இருந்தது. அது கோயிலில் காணிக்கையாக இறக்கியது, வேறு தெய்வத்துக்கான சடங்கில் பிறந்தது, ஆகவே அணியக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த ரபி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் பெண்கள் தம் விக்குகளைக் குவித்து எரித்தார்கள். நம் ஊரில் அந்தச் செய்தியை வேடிக்கையாகவே படித்தார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. வாங்கி விற்ற அத்தனை பேரும் வெறும் சரக்காக நினைத்த முடியில் ஒரு வேண்டுதல் ஒட்டியிருக்கிறது என்று நம்பியவர்கள் அவர்கள். வேண்டாம் என்று எரித்தாலும் அதன் பிறப்பை மதித்துத்தான் எரித்தார்கள். எத்தனை முறை சீயக்காய் போட்டு அலசினாலும் எங்கிருந்து வந்தது என்பது போகாது.

நீள முடி கப்பல் ஏறிய பிறகு கட்டை முடி இங்கேயே தங்கிவிடுகிறது. ஆண்கள், குழந்தைகள் தலையில் இருந்து வந்தது பெரும்பாலும் இதுதான். ஒரு பங்கு ரசாயன ஆலைக்குப் போய் எல்-சிஸ்டைன் என்ற அமினோ அமிலமாகிறது. இன்னொரு பங்கு கயிறாகிறது. குட்டை முடியைப் புரி புரியாக முறுக்கிக்கொண்டே போய், ஒரு புரி தேயும் இடத்தில் அடுத்ததைக் கொடுத்து நீட்டி, பிறகு புரிகளைச் சேர்த்து மறுபடி முறுக்கி எடுக்கிறார்கள். விக்குக்கு உதவாத குட்டை முடி, நுனியும் வேரும் கலந்த முடி, நரைத்த முடி எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. ஒருவர் தலையும் இன்னொருவர் தலையும் ஒரே புரியில் ஏறிக்கொள்கின்றன. சாதி பார்க்க வழியில்லாத இடங்களில் அதுவும் ஒன்று.

அப்படி முறுக்கிய கயிறு ஆட்டோமொபைல் கடைகளுக்கு வருகிறது. பெங்களூரில் வண்டியின் முன் பம்பரில் முடிக்கயிறு கட்டினால் கண்ணேறும் விபத்தும் அண்டாது என்று ஒரு நம்பிக்கை. ஓசூர் தாண்டினால் இந்தப் பக்கமும் வண்டிக்கு வண்டி காவல் உண்டு. எலுமிச்சையும் மிளகாயும், படிகாரம், கறுப்புக் கயிறு, திருஷ்டி பொம்மை என்று ஆளுக்கொன்று. லாரி பிறக்கிற ஊர் ஓசூர். அசோக் லேலண்டு தொழிற்சாலையிலிருந்து கூண்டில்லாத சேசிஸ் வெளியே வரும். முகத்தில் துணி கட்டிய டிரைவர் திறந்த வெயிலில் உட்கார்ந்து பாடி கட்டும் ஊருக்கு ஓட்டிப் போவதைக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கம் பார்க்கலாம். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர். பாடி கட்டிப் பெயின்ட் அடித்துப் பூஜை போடும் நாளில்தான் சக்கரத்துக்கு எலுமிச்சையும் முகப்புக்குக் கயிறும் வருகின்றன. எத்தனை சக்தி வாய்ந்த எஞ்சினாக இருந்தாலும் இந்தக் கயிறு இல்லாமல் சாலைக்கு அனுப்ப நம் ஆட்களுக்கு மனம் வராது.

சிங்காரப்பேட்டை டீக்கடை ஒன்றின் முன் நின்ற கர்நாடக மினி லாரியின் பம்பரில் ஒரு முடிக்கயிற்றைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் பருமன். பம்பரின் இரு முனைகளிலும் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. டீசல் புகையும் செம்மண்ணும் ஏறி விறைத்துப் போயிருந்தாலும், விரலால் அழுத்தினால் உள்ளே இன்னும் ஒரு நெகிழ்வு இருந்தது. சணலுக்கோ நைலானுக்கோ அந்த நெகிழ்வு வராது. கயிற்றின் மேலே சிலிர்த்துக்கொண்டு நின்ற சிறு மயிர்களில் நடுநடுவே வெள்ளை. யாரோ ஒரு வயதானவர் பேரனுக்காகக் கொடுத்ததாக இருக்கலாம். எந்தக் கோயில், யார் தலை என்று கயிற்றில் எழுதியிருக்காது. பயந்த ஒருவர் கொடுத்த முடி, பயப்படும் இன்னொருவருக்குக் காவலாக வந்து நிற்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட கயிற்றைப் பெங்களூர்த் தெருவில் கண்டு நின்றவர்தான் ஷீலா கௌடா.

1957-ல் கர்நாடகத்தின் இரும்பாலை ஊரான பத்ராவதியில் பிறந்தார். பெங்களூர் கென் கலைப்பள்ளி, பரோடா, சாந்திநிகேதன் என்று படித்து, 1986-ல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தார். படித்தது ஓவியம். தொடக்கத்தில் வரைந்ததும் எண்ணெய் வண்ண ஓவியங்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிப்பும் தொடர்ந்து பம்பாயில் ஓடிய ரத்தமும் நாட்டைக் கலக்கியபோது, கான்வாஸும் பெயின்ட்டும் அவருக்குப் போதவில்லை. சாணத்தைக் கையில் எடுத்தார். பசுவின் பெயரால் அரசியல் சூடேறிக்கொண்டிருந்த காலம் அது. அதே பசுவின் சாணம் ஏழை வீட்டில் அடுப்பெரிக்கும் வறட்டி, தரை மெழுகும் குழம்பு, வாசலைத் தூய்மையாக்கும் பூச்சு. அத்தனை அர்த்தமும் அந்தப் பொருளிலேயே இருக்கும்போது மேலே வண்ணம் எதற்கு என்பது அவருடைய முடிவு. 1996-ல் 'மார்ட்டர் லைன்' என்ற படைப்பில் சாணக் கட்டிகளை வரிசையாக வைத்து இடுக்கில் குங்குமம் கொடுத்தார்.

1998-ல் நூல். ஊசியின் காதில் நூலின் முனையைக் கோப்பது நமக்குத் தெரியும். அவர் முழு நூலையும் ஊசிக் காதுக்குள் இழுத்து, மறுபடி அடுத்த ஊசி, அடுத்த நூல் என்று கோத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பசையும் குங்குமமும் தேய்த்து நீளமான சிவப்புக் கயிறாக்கினார். ஊசிகள் எல்லாம் கயிற்றின் ஒரு முனையில் கொத்தாகத் தொங்கும். படைப்பின் பெயரின் பொருள், 'என் வலியை அவனிடம் சொல்' என்பது. தையலும் கோப்பதும் பெண்களின் வேலை என்று ஒதுக்கிய உலகத்தின் முன் அந்தக் கயிற்றைத் தொங்கவிட்டார். பிறகு சாலைப் பணியாளர்கள் தார் காய்ச்சிவிட்டுப் போடும் தார் டிரம்கள். அவற்றைத் தட்டித் தகடாக்கிக் குடிசை கட்டிக்கொள்வது அந்தப் பணியாளர்களின் வாழ்க்கை. அதே டிரம்மும் தகடும் கொண்டு 2006-ல் 'டார்க்ரூம்' என்ற அறையைக் கட்டினார். குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தால் கூரையில் இட்ட துளைகள் வழியே வெளிச்சம் விண்மீன்களாய்த் தெரியும்.

2009-ல் வெனிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியின் 53-ஆம் பதிப்பு. டேனியல் பிர்ன்பாம் அதன் பொறுப்பாளர். அங்கேதான் முடிக்கயிறு 'பிஹோல்ட்' என்ற பெயரில் தொங்கியது. கையால் முறுக்கிய முடிக்கயிறு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், கார் பம்பர்கள் இருபது அளவில். அவ்வளவுதான் பொருள். குரோம் பூசிய எஃகுப் பம்பர்கள் சுவரில் வெவ்வேறு உயரங்களில் தொங்குகின்றன. அவற்றைத் தூக்கிப் பிடித்திருப்பது முடி. கயிறு சில இடங்களில் வலையாய்ப் படர்கிறது, சில இடங்களில் கொத்தாய் முடிச்சிட்டுத் தொங்குகிறது, சில இடங்களில் தரையில் குவியலாய்ச் சரிகிறது. பம்பர் பளபளக்கிறது, முடி வெளிச்சத்தை விழுங்குகிறது. தெருவில் பம்பரைச் சுற்றிய சின்னத் துண்டு, இங்கே பம்பரையே சுமக்கிறது.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்று நம்மில் சொல்வார்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனின் துணிச்சலைச் சொல்லும் பழமொழி அது. நேர்ந்துகொள்ளும் தாய் செய்வதும் அதுதான். அவளிடம் இருப்பது முடி, கேட்பது உயிர். ஷீலா கௌடா அந்த இழுப்பைக் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டார். இந்தப் படைப்பை நான் பெரிதாக மதிக்கக் காரணம் அவர் சேர்த்தவை அல்ல, சேர்க்காமல் விட்டவை. முடிக்குச் சாயம் போடவில்லை. மாலை, குங்குமம், சாமி உருவம் எதுவும் வைக்கவில்லை. முடியை முடியாகவும் பம்பரைப் பம்பராகவும் விட்டார். வேண்டுதல், ஏலம், பயம், சாலை, விபத்து என்று அந்தக் கயிறு ஏற்கெனவே சுமந்துவந்த எதையும் துடைக்கவில்லை. எல்யாஷிவ் அணியக் கூடாது என்றார், ஷீலா கௌடா தொங்கவிட்டார். வியாபாரத்தின் அந்த நீண்ட வழியில் முடியை வெறும் சரக்காகப் பார்க்க மறுத்தவர்கள் என்று எனக்கு இந்த இரண்டு பேர்தான் தோன்றுகிறார்கள்.

இப்படிப்பட்ட சிற்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கத்துக்கு மாறான பொருள் என்று எழுதுகிறார்கள். யாருடைய வழக்கம்? மார்கழி மாதம் விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, ஒரு பிடி சாணத்தை உருட்டிப் பிள்ளையாராக்கிப் பூசணிப்பூ சூட்டுகிற பெண்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையார் ஒரு பகல் இருப்பார், மறுநாள் வறட்டியில் சேர்ந்துவிடுவார். மஞ்சளைப் பிடித்து வைத்தால் அதுவும் பிள்ளையார். அய்யனாருக்குச் சுட்டமண் குதிரை. கல்லும் பஞ்சலோகமும் அரசனும் கோயிலும் கூலி கொடுத்துச் செய்வித்தவை. நம் வீடுகளின் சிற்பம் என்றைக்கும் சாணமும் மஞ்சளும் மண்ணும்தான். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை முன்பக்கம் பார்க்கத் தட்டித் தட்டி உருவங்கள் செய்தபோது, சாமிக்குச் சாத்தும் கவசத்தின் வேலைப்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார். புதிது என்று சொல்லும் பலவற்றுக்கும் வேர் இங்கே கிடக்கிறது.

சிங்காரப்பேட்டை ஒரு சாலையின் நடுவில் இருக்கிற ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாக வரும் சாலை இதைக் கடந்து செங்கம், திருவண்ணாமலை என்று போகிறது. மேற்கே போனால் ஓசூர், பெங்களூர். அந்த முனையில் ஷீலா கௌடா. கிழக்கு முனையான திருவண்ணாமலையில் 1978-ல் பிறந்தவர் பெனித்தா பெர்சியாள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த சிற்பி. அவருடைய பொருள் வாசனை. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், பட்டை, கிராம்பு என்று ஊதுபத்திக்குப் போகும் சரக்கைப் பிசைந்து உருவங்கள் செய்கிறார். 2014-ல் கொச்சி பினாலேயில் பெப்பர் ஹவுஸ் கட்டடத்தில் 'நம்பிக்கையின் நெருப்புகள்' என்று பொருள்படும் படைப்பை வைத்தார். ஏசுவின் உருவமும் சீடர்களும். நெருப்பு வைத்தால் எரிந்து புகையாகிவிடக்கூடிய ஏசு. அவரும் பக்திக்குப் பயன்படும் பொருளைப் பக்திக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியவர். ஒரே சாலையின் இரண்டு முனைகளிலும் இந்த வேலை நடக்கிறது என்பது நடுவில் இருக்கும் நமக்குத் தெரியாமல் போனது வருத்தம்தான்.

ஷீலா கௌடா தன் கணவரும் கலைஞருமான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸுடன் சேர்ந்து 2012-ல் முதல் கொச்சி பினாலேயில் வைத்த 'ஸ்டாப்ஓவர்' இந்தக் கிரானைட் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டுக்கற்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு பெங்களூர் வீடுகளில் இடமில்லாமல் போனவை. தலைமுறைகள் மாவாட்டிய கல்லை உடைக்க யாருக்கும் மனம் வராது. வைத்துக்கொள்ளவும் முடியாது. தெருவோரம், மரத்தடி, கோயில் சுவர் ஓரம் என்று மெதுவாக நகர்த்தி விட்டுவிடுவார்கள். அவற்றைச் சேர்த்துக் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே பல வீடுகளின் கொல்லையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும் கல்லை ஒருமுறை திரும்பிப் பார்க்க அது போதும்.

'பிஹோல்ட்' இப்போது டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது. ஷீலா கௌடாவுக்கு 2019-ல் மரியா லாஸ்னிக் விருது கிடைத்தது. அதே ஆண்டு மிலான் நகரத்தின் பிரெல்லி ஹாங்கர்பிகோக்காவில் அவருடைய இருபதாண்டுக்கு மேலான படைப்புகளைச் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். டேட்டில் அந்தக் கயிறு நெடுநாள் நிற்கும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. பல்லாயிரம் ஆண்டுப் பழைய மம்மிகளின் தலையில் முடி அப்படியே இருந்திருக்கிறது. அதன் எதிரி பூச்சிதான். கம்பளியையும் இறகையும் தின்னும் வண்டும் அந்துப்பூச்சியும் முடியையும் விடாது. ஆகவே இந்த மாதிரிப் பொருள்களை அருங்காட்சியகங்கள் உறைகுளிரில் வைத்துப் பூச்சியைக் கொன்று, ஈரப்பதம் பார்த்து, கையுறை போட்டுத் தொடுகின்றன. தெருவில் ஆறு மாதத்தில் புழுதியேறி அறுந்து விழ வேண்டிய கயிறு அங்கே பல தலைமுறை வாழும்.

தெருவில் எஃகுப் பம்பர் அந்த அளவு தாங்கவில்லை. அம்பாசடர் காரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. இப்போது வரும் கார்களில் பம்பர் வண்டியின் நிறத்திலேயே ஒட்டி வரும் பிளாஸ்டிக். கயிற்றைச் சுற்ற இடமில்லை. முடிக்கயிறு கட்டும் வழக்கம் தேய்ந்து கறுப்பு நூலிலும் செயற்கை இழைக் கயிற்றிலும் முடியும் என்றே தோன்றுகிறது. அப்போது அந்த நம்பிக்கையின் பெரிய சான்று லண்டனில் மட்டும் இருக்கும்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. முடி கொடுத்தவர், மழித்தவர், புழுதியும் பேனும் பார்க்காமல் உட்கார்ந்து பிரித்துச் சீவியவர், தொடையிலும் உள்ளங்கையிலும் வைத்து முறுக்கியவர் என்று இத்தனை கைகள் கடந்து வந்த பொருளின் கீழே ஒரு பெயர் மட்டும் நிற்கிறது. கலைஞரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கைகளைப் பார்க்கச் சொன்னவரே அவர்தான். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் லண்டனில் இல்லை. ஊத்தங்கரையிலும் காவேரிப்பட்டணத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இந்தப் பயணம் நிறைவாகாது.

கிருஷ்ணகிரியில் ஓர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நடுகற்களை வைத்துக் காக்கிற இடம். அதன் பொறுப்பாளர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு பழைய வண்டியிலிருந்து முடிக்கயிறு கட்டிய எஃகுப் பம்பர் ஒன்றை வாங்கி, நடுகற்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கழுவ வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். பக்கத்தில் 'பிஹோல்ட்' படைப்பின் புகைப்படத்தையும், முடி இறக்கியவர் முதல் கயிறு முறுக்கியவர் வரை யார் யார் கையில் இது கடந்து வந்தது என்பதையும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி வையுங்கள். ஓசூரின் பெரிய தொழிற்சாலைகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். படிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுத்த கொச்சி பினாலேவுக்குப் போகிற ஆசிரியர்கள் போகும் வழியில் இதையும் காட்டிவிட்டுப் போகலாம்.